மொட்டைப்பாரில் வெள்ளை

நவம்பர் 3

வானொலியில் காலநிலைக்காரர் இன்றும் "கடல் அவ்வப்போது கொந்தளிப்பாகக் காணப்படும்" என்றார். இந்த "அவ்வப்போது" என்ற சொல்லுக்குள் அந்த மனிதர் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொள்கிறார்! கடல் பொங்கினாலும் அவர் சொன்னது சரி, படுத்துக் கிடந்தாலும் சரி. எனக்கு அந்த வசதி இல்லை. விடிந்ததும் ஊரித்தீவு இறங்குதுறையில் நின்று, படகு ஓடும் அல்லது ஓடாது என்று ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். ஊரே அதைக் கேட்டுத்தான் சட்டை மாற்றும்.

எங்களுடையதுதான் வரிசையில் கடைசித் தீவு. எங்களுக்கு அடுத்தது கண்ணாத்தீவு, அதற்கு அடுத்தது கோரைத்தீவு, அதற்கப்பால் அக்கரைத் துறை. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ். எங்களுக்கும் கண்ணாத்தீவுக்கும் நடுவில் மொட்டைப்பார் என்ற கற்பார், தண்ணீருக்குள் மறைந்த பாறைத்திட்டு, கிடக்கிறது. அதில் அலை உடைந்து வெள்ளை நுரை நின்றால் படகு இல்லை. வெள்ளை இல்லாவிட்டால் உண்டு. பஸ்ரியாம்பிள்ளை ஓட்டியாகிய நான் படித்த படிப்பு முழுவதும் இதுதான்.

மகள் ஜெனிற்றாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. தாதியர் பயிற்சிக்கு நேர்முகத்தேர்வு, 21ஆம் திகதி காலை, யாழ்ப்பாணத்தில். தாய் றெஜினா கடிதத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுதிரி கொளுத்தினாள். எனக்குக் கையெல்லாம் என்ஜின் எண்ணெய். அதனால் கடிதத்தைத் தொடவில்லை.

நவம்பர் 6

காற்று காலையில் வாடை, மத்தியானம் கொண்டல், பின்னேரம் எங்கிருந்தென்றே தெரியவில்லை. படகு ஓடியது.

நவம்பர் 9

படகின் தண்ணீர் இறைக்கும் பம்பு மூச்சுவிட மறுத்தது. நானும் கில்பேட்டும் அதைக் கழற்றிப் பூட்டியதில் பகல் போய்விட்டது. கில்பேட் என்னோடு என்ஜின் பார்க்கிறவன். நான் ஒன்று சொன்னால் அவன் இரண்டு "ஓம்" சொல்லுவான், ஆனால் செய்வது தான் நினைத்ததைத்தான். பம்பு ஓடியது அவன் நினைத்தபடி செய்ததால்தான் என்பதை அவனிடம் சொல்லப்போவதில்லை.

இரவுச் சாப்பாட்டில் ஜெனிற்றா கதையை எடுத்தாள்.

"அப்பா, நான் பதினாறாந் திகதியே போய் யாழ்ப்பாணத்தில மாமி வீட்டில நிக்கட்டோ? கார்த்திகைக் கடல், நம்பேலாது."

"மாமி வீட்டில இருக்கிறதே ஒரு அறை. அதுக்குள்ள நீயும் போய் நெரிபடப் போறியோ? இருபதாந் திகதி நானே கொண்டுபோய் விடுறன்."

"படகு ஓடாட்டி?"

"உன்ர அப்பன் ஓட்டியோ, நீ ஓட்டியோ?"

அவள் சிரித்தாள். சிறுபிள்ளையாக இருக்கும்போது என் தோளில் இருந்து மொட்டைப்பாரைப் பார்த்து "அப்பா, வெள்ளை! அப்பா, வெள்ளை இல்லை!" என்று கத்துவாள். இப்போதும் அவள் கண் என் கண்ணைவிடக் கூர்மை. றெஜினா ஏதோ சொல்ல வாய் திறந்தாள், பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டாள்.

நவம்பர் 15

துணி ஏற்றினேன். மொட்டைப்பார் முழுக்க வெள்ளை. காது கேட்கும் தூரத்துக்கு இரைச்சல். பள்ளிக்கூடத்துக்கு அக்கரையிலிருந்து வருகிற ரீச்சர்மார் வரவில்லை, பிள்ளைகளுக்குப் பெருநாள்.

இறங்குதுறைக் கம்பத்தில் சிவப்புத் துணி ஏறினால் அன்றைக்கு ஊரித்தீவிலிருந்து ஒருவரும் ஆளேற்றிப் போகக் கூடாது. ஏற்றிய துணியை அன்றைக்கு இறக்கவும் கூடாது. வெயில் எறித்தாலும் சரி, கடல் கண்ணாடியாகக் கிடந்தாலும் சரி. எனக்கு முந்திய ஓட்டி ஒருமுறை கலியாண வீட்டுக்காரர் கெஞ்சினார்கள் என்று துணியை இறக்கிப் படகைவிட்டார். பார் கடக்கும்போது கடல் திரும்பவும் எழும்பியது. அந்தப் படகில் போனவர்களின் பெயர்கள் கோயில் சுவரில் இருக்கின்றன. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் துணிக்கு மறு பேச்சில்லை. பாதிரியார் சொன்னாலும் இறங்காது.

நவம்பர் 17

ஞாயிறு. கடல் படுத்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வரும்போது தேவசகாயம் தன் பைபர் படகில் நாளைக்கு அக்கரைக்கு மீன் கொண்டு போவதாகச் சொன்னான். ஜெனிற்றா என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நான் தேவசகாயம் மாமாவோட நாளைக்கே போறனே. நல்ல கடல் கிடக்கு."

"மீன் பெட்டிக்கு நடுவில இருந்தோ போகப் போறாய்? நேர்முகத்தேர்வுக்குப் போற பிள்ளை மீன் நாத்தத்தோட போகவோ? என்ர படகில, என்ர கையால போவாய்."

தேவசகாயம், "அண்ணைக்குப் பிள்ளையை விட மனமில்லை" என்று பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மத்தியானம் மகன் றெஜிஸ் பிரான்சிலிருந்து தொலைபேசி எடுத்தான். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு எடுக்கிறான். பின்னால் யாரோ பிரெஞ்சில் கூப்பிட்டார்கள், "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான். அவனையும் என் படகில்தான் கொண்டுபோய் விட்டேன். நல்ல கடல் அன்றைக்கு. இரண்டு வருசத்தில் வந்துவிடுவேன் என்று கையைப் பிடித்துச் சொன்னான். இப்போது அவன் மகனுக்குத் தமிழ் வராதாம்.

நவம்பர் 19

ஜெனிற்றா பெட்டி அடுக்கினாள். ஒரு நேர்முகத்தேர்வுக்கு இரண்டு உடுப்புப் போதும். இவள் தலையணை உறையையும் எடுத்து வைத்தாள், தாயின் நீலச் சேலையையும் வைத்தாள். என் பழைய ரோச் லைட்டையும் வைத்தாள். அது என்னத்துக்கு என்று கொஞ்சம் கத்திவிட்டேன்.

"எடுபட்டால் உடனேயே அனுப்பிப்போடுவினமாம் அப்பா, திரும்பி வர நேரமிருக்காது. தெற்குப் பக்கம் போட்டாலும் போடுவினமாம். மூண்டு வருசம்."

"மூண்டு வருசமோ?"

"கடிதத்தில கிடக்கு. நீங்கள் வாசிக்கேல்லையோ?"

அந்த ரோச் லைட் நான் விடியுமுன் இருட்டில் மொட்டைப்பார் பார்க்கப் போகும்போது கொண்டுபோவது. மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங் பறக்கும், அதற்கு நூல் கட்டி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். அவள், "தெரியும் அப்பா, நூல் கட்டினது நான்தான்" என்றாள்.

படுக்கப் போகும்போது, "நாளைக்குக் கடல் எப்பிடி அப்பா?" என்று கேட்டாள். "பாப்பம்" என்றேன்.

நவம்பர் 20, காலை

மழை மூட்டம். வாடை. மொட்டைப்பார் சரியாகத் தெரியவில்லை. துணி ஏற்றினேன்.

நவம்பர் 20, பின்னேரம்

காலையில் எழுதியது போதாது என்று தோன்றுகிறது.

நான் இறங்குதுறைக்குப் போகும்போது றெஜினா தேநீர் தந்தாள். ஜெனிற்றா எனக்கு முதலே எழும்பிவிட்டாள். அவளுடைய பாவாடை ஓரம் நனைந்து மண் ஒட்டியிருந்தது. கிணற்றடிக்குப் போயிருப்பாள்.

துறையில் நானும் கில்பேட்டும்தான் நின்றோம். வெகு நேரம் பார்த்தேன்.

"அண்ணை, வெள்ளை அடிக்குதோ? எனக்குத் தெரியேல்லை."

"உனக்கு எப்ப தெரிஞ்சது? மூட்டமாக் கிடக்கு. பயணிகளின்ர உயிரோட விளையாடேலாது. ஏத்து."

அவன் இம்முறை ஒரு "ஓம்" கூடச் சொல்லவில்லை. நான்தான் ஏற்றினேன்.

காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு மூட்டம் கலைந்துவிட்டது. வெயில் வந்தது. கடல் அப்படியொரு கடல், பிள்ளைகளைக் குளிக்க விடலாம். தூரத்தில் கண்ணாத்தீவுப் படகு அக்கரைக்குப் போவது தெரிந்தது. அவர்களுக்கு மொட்டைப்பார் இல்லை, அவர்கள் போவார்கள். எங்கள் துறையில் ஆட்கள் பையோடு நின்று கம்பத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஜெனிற்றா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பெட்டிக்கு மேல் இருந்தாள்.

றெஜினா என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, இறக்குங்கோ. ஒரு நாள் இறக்கினால் வானம் இடிஞ்சு விழாது."

"கோயில் சுவரில பேர் கிடக்கிறவையை மறந்து போனீரோ? ஊருக்கு ஒண்டு, என்ர பிள்ளைக்கு ஒண்டோ?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை.

தேவசகாயம் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கூப்பிட்டான். "பிள்ளை, வா. நான் கொண்டுபோய் விடுறன். ஆரும் கேட்டால் நான் சொல்லுறன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். போகமாட்டாளா என்று ஒரு கணம் நானே நினைத்தேன். போயிருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன், அது உண்மை.

ஜெனிற்றா கம்பத்தை நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம் மாமா. அப்பா ஏத்தின துணி" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

நவம்பர் 21

கடல் நல்ல கடல். படகு ஓடியது. விடியப் புறப்பட்டாலும் அக்கரை போய், பஸ் பிடித்துப் போய்ச் சேர மத்தியானமாகிவிடும். அவள் வரவில்லை. படகின் இருக்கைகளுக்குப் பெயின்ற் அடித்தேன்.

நவம்பர் 22

யாழ்ப்பாணம் போனேன். நேர்முகத்தேர்வு நடத்திய கந்தோரைத் தேடிப் பிடித்தேன். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, மரியாதையாக இருக்கச் சொன்னார்.

"மகள் வரேல்லை எண்டு தெரியும் ஐயா. நல்ல பெறுபேறு. நாங்களும் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

"கடல் பிழைச்சுப்போச்சுதம்மா. படகு ஓடேல்லை."

"கண்ணாத்தீவுப் பிள்ளையள் வந்தவையெல்லோ?"

"அவைக்கு மொட்டைப்பார் இல்லை."

அந்த அம்மாவுக்கு மொட்டைப்பார் என்றால் என்னவென்று தெரியவில்லை. விளங்கப்படுத்தத் தொடங்கினேன். கற்பார், வெள்ளை, துணி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இடமெல்லாம் நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றார். "அண்டைக்கு ஓட்டி படகை விட்டிருந்தால் நல்லது" என்றும் சொன்னார். ஓட்டி யாரென்று நான் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது சந்தையில் ஜெனிற்றாவுக்கு ஒரு புது ரோச் லைட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதைத் தரவில்லை. எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது?

நவம்பர் 24

பூசைக்குப் போகவில்லை. இடுப்பு நோவு.

நவம்பர் 26

வங்காள விரிகுடாவில் தாழமுக்கமாம். காலநிலைக்காரர் "அவ்வப்போது" என்பதை விட்டுவிட்டார்.

ஜெனிற்றா மன்னாரில் கன்னியாஸ்திரிமார் நடத்துகிற முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறாள். அங்கேயே வயதானவர்களைப் பராமரிக்கப் பழக்குவார்களாம். டிசம்பர் முதலாம் திகதி நிற்க வேண்டுமாம். என்னிடம் கேட்கவில்லை. தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வருசம் திருப்பிக் கூப்பிடுவினம். அதுவரைக்கும் வீட்டில இரன் பிள்ளை" என்றேன்.

"அடுத்த வருசமும் கார்த்திகையிலதானே அப்பா கூப்பிடுவினம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டு, அதோடு முடிந்திருக்கும். அவள் அந்த நாளிலிருந்து என்னோடு நல்ல மாதிரித்தான். தேநீர் தருகிறாள், இடுப்புக்கு எண்ணெய் சூடாக்கித் தருகிறாள். கடல் எப்படியென்று மட்டும் கேட்பதில்லை.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நவம்பர் 29

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஜெனிற்றாவின் பயணம் இன்றைக்கு. விடியுமுன்பே துறைக்குப் போய்விட்டேன். படகைத் துடைத்தேன். சுக்கானுக்குப் பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று துணி விரித்து வைத்தேன். இன்றைக்கு எப்படியாவது நல்ல கடலாக இருக்க வேண்டுமென்று வந்த வழியெல்லாம் மன்றாடினேன்.

மழை திரைபோட்டு நின்றது. பார் இருக்கும் பக்கமே தெரியவில்லை. துறையடியில் தண்ணீர் அப்படியொன்றும் மோசமில்லை, வாடை பின்பக்கத்துப் பனங்காட்டில் பட்டுத் தணிந்துதான் எங்கள் துறைக்கு வரும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கண் இமைக்கும் நேரம் மழை விலகியது. மொட்டைப்பார் முழுக்க வெள்ளை. ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி உடைகிறது. திரும்பவும் மழை மூடிவிட்டது. கில்பேட் அப்போது என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். கண்டது நான் ஒருவன்தான்.

துணியை எடுத்தேன். ஏற்றினேன்.

ஆட்கள் வந்தார்கள். கம்பத்தைப் பார்த்தார்கள். யாரோ பின்னால், "இண்டைக்கும் மகள் பயணமாம்" என்றார்கள். ஒருவர் சிரித்தார். எங்கள் ஊரில் துணியைப் பார்த்து ஒருவர் சிரித்ததை நான் இன்றைக்குத்தான் கேட்டேன்.

ஜெனிற்றா பெட்டியோடு வந்தாள். கம்பத்தைப் பார்க்கவில்லை, நேரே தேவசகாயத்தின் படகடிக்குப் போனாள்.

"மாமா, அக்கரைக்கு விடுவியளோ?"

தேவசகாயம் என்னைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "துறையடி நல்லாத்தான் கிடக்கு. ஏறு பிள்ளை."

நான் ஓடினேன். "பிள்ளை, போகாதை. வெள்ளை அடிக்குது. நான் என்ர கண்ணால கண்டனான்."

"ஒண்டும் தெரியேல்லையே அண்ணை" என்றான் தேவசகாயம்.

"மழை மூடியிருக்கு. இப்ப கண்டனான். மாதா மேல சத்தியமாக் கண்டனான்!"

"அண்டைக்கும் நீங்கள்தானே கண்டது" என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள். குரல் யாருடையதென்று தெரியும், எழுதவில்லை. கில்பேட்டைப் பார்த்தேன். அவன் குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.

ஜெனிற்றா படகுக்குள் நின்று என் முகத்தையே பார்த்தாள். மொட்டைப்பாரைப் பார்ப்பதுபோல, கண்ணைச் சுருக்கி, நேரமெடுத்துப் பார்த்தாள். அவளுக்கு நம்ப விருப்பம் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் முடியவில்லை.

"போட்டு வாறன் அப்பா" என்றாள்.

மழைக்குள் படகு மறைந்தது. என் பெரிய படகால் அந்தக் கடலில் பாருக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய வாய்க்காலைத் தாண்ட முடியாது. முடிந்திருந்தால் துணியாவது மண்ணாங்கட்டியாவது என்று பின்னால் போயிருப்பேன். கம்பத்தடியில் இருந்துவிட்டேன். மழை விட்டு விட்டு விலகும்போதெல்லாம் வெள்ளை தெரிந்தது. இப்போது எல்லோரும் கண்டார்கள். சிரித்தவர் தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். றெஜினா கோயில் வளவில் தொலைபேசியோடு நின்றாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

மத்தியானம் தாண்டி றெஜினா முழங்கால் சேற்றோடு நடந்து வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். அதைக் கண்டதும் இருந்தபடியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"சேந்திட்டாளாம்" என்றாள். "எழும்புங்கோ."

வேறு ஏதும் சொன்னாளா என்று கேட்டேன். றெஜினா சேற்றுக் காலைக் கழுவப் போய்விட்டாள்.

நவம்பர் 30

துணி.

டிசம்பர் 1

துணி. அவள் மன்னாருக்குப் போய்விட்டாளாம்.

டிசம்பர் 3

தேவசகாயம் நேற்றுப் பின்னேரம் திரும்பினான். படகின் ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. "பார் தாண்டேக்க தண்ணி உள்ளுக்க வந்திட்டுது அண்ணை. பிள்ளை பயப்படேல்லை, இறைச்சுக்கொண்டே வந்தவள்" என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்று விடியத் துறைக்குப் புறப்படும்போது றெஜினா துணியைக் கொண்டுவந்து தந்தாள். துவைத்துக் காயவைத்திருந்தாள்.

"அண்டைக்குப் பிள்ளை சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை" என்றாள். "சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

"சொல்லும்."

"‘இண்டைக்கு வெள்ளை இருந்தது எண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ அம்மா. இண்டைக்கு ஏத்தினது சரியான துணி.’ இவ்வளவும்தான் சொன்னவள்."

நான் துணியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். இருபதாம் திகதி விடிய அவளுடைய பாவாடை ஓரத்தில் இருந்தது கடற்கரை மண். கிணற்றடி மண் கறுப்பு, இது வெள்ளை. அப்போதே கண்டேன். எனக்கு முதலே போய், வெள்ளை இல்லையென்று பார்த்துவிட்டு வந்து, நான் துணி ஏற்றியதையும் பார்த்து, ஊருக்கு முன்னால் "அப்பா ஏத்தின துணி" என்று சொன்னாளே, அந்தப் பிள்ளையை நான் என்ன செய்துவிட்டேன்!

துறையில் கில்பேட் நின்றான். துணியை அவன் கையில் கொடுத்தேன்.

"இனி நீ பார்."

"ஏன் அண்ணை?"

"என்ர கண் சரியில்லை."

என் கண்ணில் ஒரு குறையும் இல்லையென்று அவனுக்குத் தெரியும். மறுபேச்சில்லாமல் துறை முனைக்குப் போய்ப் பார்த்தான். அவசரப்படாமல் பார்த்தான். பையோடு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"வெள்ளை இல்லை அண்ணை."

"ஓம்" என்றேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன். "வெள்ளை இல்லை. அண்டைக்கு, இருபதாந் திகதியும் இருக்கேல்லை."

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையாகப் படகில் ஏறினார்கள்.